ஆடாமல் நின்றால் போதுமா? தூண் மெழுகுவர்த்தியின் அடியை மட்டப்படுத்தும் முறை

கேள்வி: 7.5 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட தூண் மெழுகுவர்த்திகளை வீட்டில் உலோக அச்சில் வார்க்கிறேன். மேல்பக்கம் அழகாக வருகிறது. அடிப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கத்தியால் சீவினால் ஓரம் பெயர்ந்து விழுகிறது. சூடான தட்டில் வைத்துத் தேய்த்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது, ஆனால் வர்த்தி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. அடியை மட்டமாக்கச் சரியான வழி என்ன?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆட்டம் நின்ற பிறகும் சாய்வு போகவில்லை என்கிறீர்கள். ஆட்டமும் சாய்வும் வெவ்வேறு குறைகள். அடிப்பரப்பு சமதளமாக இருந்தால் வர்த்தி ஆடாது. அந்தச் சமதளம் வர்த்தியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவும் அமைந்தால்தான் அது நிமிர்ந்து நிற்கும். சூடான தட்டு சமதளத்தைத் தரும், நிமிர்வைத் தராது. கை ஒரு பக்கம் சற்று அழுத்தினாலும் அந்தப் பக்கம் கூடுதலாக உருகி, இருந்த சாய்வு இன்னும் அதிகமாகிவிடும். அதனால் நிமிர்வை முதலில் அளந்து, வர்த்தியின் மேலேயே கோடாகக் குறித்துக்கொள்ள வேண்டும். உருக்குவதும் சீவுவதும் தேய்ப்பதும் அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். பெரும்பாலானோர் கோடு போடாமல் நேராகத் தட்டுக்குப் போய்விடுகிறார்கள். தொல்லையெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

கணக்காகப் பார்ப்போம். உங்கள் வர்த்தியின் அடியில் ஒரு ஓரத்துக்கும் எதிர் ஓரத்துக்கும் 2 மி.மீ. வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ. அகலத்தில் 2 மி.மீ. என்றால், 150 மி.மீ. உயரத்தில் உச்சி 4 மி.மீ. விலகி நிற்கும். பக்கத்தில் ஒரு சுவரோ கதவு நிலையோ இருந்தால் இந்த 4 மி.மீ. உடனே கண்ணில் படும். பார்வைக்கு அசிங்கம் என்பதோடு இது முடிவதில்லை. எரியும்போது திரியைச் சுற்றி உருகிய மெழுகு குளம்போலத் தேங்குகிறது. குளத்தின் மேல்மட்டம் எப்போதும் பூமிக்குக் கிடைமட்டமாகவே இருக்கும். வர்த்தியின் விளிம்பு மட்டும் சாய்ந்திருக்கும். தாழ்ந்த பக்கத்து விளிம்பைக் குளம் முதலில் எட்டும், அங்கே உடைத்துக்கொண்டு வழியும். வழிந்த பக்கத்தில் சுவர் மெலியும், மெலிந்த சுவர் மேலும் சீக்கிரம் உருகும். 1860ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக மெழுகுவர்த்தியைப் பற்றியே தொடர் சொற்பொழிவு நடத்திய மைக்கேல் ஃபாரடே இதை அழகாக விளக்கியிருக்கிறார். சுடரின் வெப்பத்தால் காற்று கீழிருந்து மேலாக ஓடி வர்த்தியின் ஓரத்தைக் குளிர்விக்கிறது. அதனால் நடுப்பகுதி உருகியும் ஓரம் உருகாமல் ஒரு கிண்ணம் உருவாகிறது. அந்தக் கிண்ணம் கிடைமட்டமாக இல்லாவிட்டால் திரவம் வழிந்தோடிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். அடியை மட்டப்படுத்த நாம் படும் பாடெல்லாம் உச்சியில் இருக்கும் அந்தக் கிண்ணத்துக்காகத்தான்.

அடி ஏன் இப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தூண் வர்த்தியைத் தலைகீழாகத்தான் வார்க்கிறோம். அச்சின் மூடிய முனையில் இருப்பது வர்த்தியின் உச்சி. திறந்த வாயில் இருப்பது அடி. உச்சி உலோகத்தில் படிந்து உறைவதால் அழகாக வருகிறது. அடிக்கு அந்த ஆதரவு இல்லை, காற்றில் உறைகிறது. உறையும்போது மெழுகு சுருங்கும். பாரஃபின் கணிசமாகவே சுருங்கும். வெளிச்சுவரும் மேற்பரப்பும் முதலில் இறுகிவிட, கடைசியில் இறுகும் நடுப்பகுதி தன்னைச் சுற்றியுள்ளதை உள்ளே இழுப்பதால் திரியைச் சுற்றிக் குழி விழுகிறது. அச்சின் சுவரை ஒட்டி மெழுகு சற்று ஏறி உறைவதால் ஓரத்தில் ஒரு மெல்லிய வரப்பு நிற்கிறது. திரியைப் பிடிக்கும் குச்சியில் மெழுகு தொட்டால் நடுவில் ஒரு மேடும் சேரும். இவை எல்லாம் ஆட்டத்துக்கான காரணங்கள்.

சாய்வுக்குக் காரணம் வேறு. வார்த்த நேரத்தில் அச்சு நேராக நிற்கவில்லை. மேசை சரிந்திருக்கலாம். ஆனால் பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு: திரித் துளையை அடைக்க அச்சுக்கு அடியில் அப்பும் களிம்பு. அந்தக் களிம்பு உருண்டையின் மேலேயே அச்சை நிறுத்திவிட்டால், அச்சு ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். உள்ளே மெழுகின் மேல்மட்டம் தன்பாட்டுக்குக் கிடைமட்டமாக உறைந்துவிடும். அச்சைக் கழற்றி நிமிர்த்தும்போது அந்தச் சரிவு முழுவதும் அடியில் பதிந்திருக்கும்.

இப்போது கையிலுள்ள வர்த்திக்கு வருவோம். ஒரு கண்ணாடித் துண்டு வேண்டும். கொஞ்சம் தடித்ததாக இருந்தால் வளையாது. தச்சர்கள் பயன்படுத்தும் மூலைமட்டம் ஒன்று, ஊசி ஒன்று, அச்சை அடைக்கும் அதே களிம்பு கொஞ்சம். முதலில் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் திரியை ஒட்ட நறுக்கிவிடுங்கள். ஓர வரப்பையும் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி எடுத்துவிடலாம். கண்ணாடியை மேசைமேல் வைத்து, களிம்பில் பட்டாணி அளவுக்கு மூன்று உருண்டைகள் உருட்டி, வர்த்தியின் அடியில் முக்கோணமாக ஒட்டி, கண்ணாடிமேல் நிறுத்துங்கள். மூலைமட்டத்தின் ஒரு கையைக் கண்ணாடியில் பதித்து மறு கையை வர்த்தியின் உடலோடு ஒட்டிப் பாருங்கள். இடைவெளி தெரிகிற பக்கத்துக்கு ஏற்ப வர்த்தியை மெல்ல அழுத்தினால் களிம்பு நசுங்கி இடம் கொடுக்கும். முன்னால் ஒருமுறை, அதற்குச் செங்குறுக்காகப் பக்கவாட்டில் ஒருமுறை என்று இரண்டு திசைகளில் பார்ப்பது அவசியம். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் மற்றத் திசையின் சாய்வு ஒளிந்துகொள்ளும்.

பல அச்சுகள் வர்த்தி எளிதாகக் கழன்று வருவதற்காகச் சற்றே கூம்பலாகச் செய்யப்பட்டிருக்கும். அப்படியானால் மூலைமட்டம் எந்தப் பக்கத்திலும் உடலோடு முழுதாக ஒட்டாது. உச்சியில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வர்த்தி நிமிர்ந்து நின்றதும் கோடு போடும் வேலை. அடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிக அகலமான இடைவெளி எங்கே என்று பாருங்கள். அதைவிட ஏறக்குறைய 1 மி.மீ. கூடுதல் தடிமன் உள்ள ஒரு மரச்சில்லையோ, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அட்டைகளையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஊசியைப் படுக்க வைத்துப் பிடித்து, முனை வர்த்தியைத் தொடும்படி, கண்ணாடியோடு சறுக்கியபடியே வர்த்தியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வர்த்தி அசையக் கூடாது. சில்லுதான் நகர வேண்டும். பென்சில் மெழுகில் வழுக்கும், ஊசி மெல்லிய கீறலாகத் தெளிவாகப் பதியும். முழுச்சுற்று முடிந்து ஆரம்பித்த இடத்திலேயே கீறல் வந்து சேர்ந்தால் கோடு சரி. சேராவிட்டால் நடுவில் ஏதோ அசைந்திருக்கிறது. இந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறது. வர்த்தி நிமிர்ந்து நின்றபோது போட்டதால், கோடு நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவும் இருக்கிறது. கோணலான நாற்காலிக் கால்களைச் சமப்படுத்தத் தச்சர்கள் கையாளும் முறையும் இதுவேதான்.

இன்னும் எளிய வழியும் ஒன்று உண்டு. வர்த்தியை மறுபடி அச்சுக்குள் இறக்கி, அடி 2 அல்லது 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி உள்ளே வளையமாக வெட்டிய அட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, அச்சின் விளிம்பையே அளவுகோலாக வைத்துக் கோடு போடலாம். வளையத்தின் நடுத் துளையில் உச்சித் திரி அடங்கிக்கொள்ளும். உறைந்த வர்த்தி அச்சுக்குள் சற்றுத் தளர்வாக இருக்கும் என்பதால் ஒரு சுற்று மெல்லிய தாளைச் சுற்றி இறக்குங்கள். ஆனால் இது அச்சின் விளிம்பு சரியாக இருந்தால் மட்டும்தான் உதவும். வெறும் அச்சைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூலைமட்டத்தால் பார்த்துவிட்டு நம்புங்கள். தகரத்தை மடித்துப் பற்றவைத்த அச்சுகளில் விளிம்பு கோணலாக இருப்பது உண்டு. என்னைக் கேட்டால், களிம்பும் ஊசியும்தான் எந்த வர்த்திக்கும் பொருந்தும்.

கோட்டுக்கும் அடிக்கும் இடையே எங்கும் 2 மி.மீ.க்கு மேல் இல்லையென்றால் கத்தி தேவையில்லை, நேராகச் சூட்டுத் தட்டுக்குப் போகலாம். அதைவிட அதிகமாக இருக்கும் இடங்களில் சீவித்தான் ஆக வேண்டும். ஓரம் பெயர்ந்து விழுவதாகச் சொன்னீர்கள். குளிர்ந்த பாரஃபினைச் சீவினால் அப்படித்தான் ஆகும். குளிரில் அது விறைத்துச் சில்லு சில்லாகத் தெறிக்கும். இளஞ்சூட்டில் பதமாக அறுபடும். மெழுகு முழுவதும் இறுகி அச்சிலிருந்து கழன்று வந்த பிறகும் உள்ளே சூடு கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் ஒட்டாமல் தடம் மட்டும் பதிகிற அந்தப் பதம்தான் சீவுவதற்கு ஏற்றது. அந்த நேரம் தவறிவிட்டால் வர்த்தியின் அடிப்பாகத்தை 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் 2 செ.மீ. ஆழத்துக்குக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துப் பதப்படுத்தலாம். அதற்கு முன்னால் அடியில் நறுக்கிய திரியின் முனையில் ஒரு சொட்டு உருகிய மெழுகு வைத்து மூடுங்கள், அல்லது வர்த்தியைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நீரில் இறக்குங்கள். திரியில் நீர் ஏறிவிட்டால் பின்னால் எரியும்போது படபடவென்று பொரியும், சில நேரம் அணைந்தே போகும்.

சீவும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கத்தி எப்போதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கியே போக வேண்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளினால் கத்தி வெளியேறும் இடத்தில் பின்னால் ஆதரவு இல்லாமல் மெழுகு பெயர்ந்துவிடும். இன்னும் பாதுகாப்பாகச் செய்ய, முதலில் அடி ஓரத்தைச் சுற்றிலும் கோடு வரைக்கும் சாய்வாகச் சீவி விடுங்கள். ஓரம் ஏற்கெனவே கோட்டில் நின்றுவிடுவதால், பிறகு நடுப்பகுதியை எப்படிச் சீவினாலும் பக்கச் சுவருக்குப் பாதிப்பு வராது. கத்தி மெல்லியதாகவும் நீளமாகவும் இருக்கட்டும். ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். வர்த்தியைப் படுக்கவைத்து உருட்டியபடியே 1 மி.மீ. கனத்துக்குச் சீவல் சீவலாக எடுங்கள். கோட்டைத் தொடும் முன் நிறுத்திவிடுங்கள். கடைசி அரை மில்லிமீட்டரைத் தட்டு பார்த்துக்கொள்ளும்.

சூட்டுத் தட்டு என்று நான் சொல்வது கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த, விளிம்புள்ள, அடி கனமான தட்டை. தட்டை ஒருபோதும் நேரடி நெருப்பில் வைக்க வேண்டாம். நீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அதன் மேல் இருக்கும் தட்டு 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பின் மேல் நேராக வைத்த தட்டின் சூட்டுக்கு எல்லை கிடையாது. சாதாரண பாரஃபினின் ஆவி 200 டிகிரி அளவில் தீப்பற்றக்கூடியது. வெறும் தட்டு அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் எட்டிவிடும். சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள மின்தட்டு இருந்தால் 80 முதல் 90 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம். தட்டின் சமதளத்தையும் சோதியுங்கள். இரும்பு அளவுகோலைக் குறுக்கே நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் போதும். மெல்லிய தட்டுகள் சூடேறியதும் நடுவில் புடைத்துக்கொள்ளும் என்பதால், சூடான பிறகும் ஒருமுறை பார்ப்பது நல்லது. துருவோ கரியோ இருந்தால் அது வெள்ளை மெழுகில் சாம்பல் நிறக் கறையாக ஏறும், பிறகு போகாது.

வர்த்தியை இரண்டு கையாலும் பிடியுங்கள், ஆனால் தாழப் பிடியுங்கள். உச்சியைப் பிடித்தால் கையின் சிறு அசைவும் அடியில் சரிவாக மாறும். தட்டில் வைத்ததும் அழுத்தக் கூடாது. வர்த்தியின் எடையே போதும். இரண்டு வினாடிக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்புங்கள். நான்கு திருப்பம் ஆனதும் தூக்கி, கோட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் கோடு அடியிலிருந்து இன்னும் உயரத்தில் இருந்தால், அடுத்த முறை வைக்கும்போது அந்தப் பக்கத்தின் மேல் ஒரு விரலால் லேசாக அழுத்தம் கொடுங்கள். கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் வந்து அடியோடு ஒட்டியதும் வேலை முடிந்தது. தொடர்ந்து நீண்ட நேரம் வைத்திருந்தால் அடியில் ஒரு சென்டிமீட்டர் வரை இளகி, வர்த்தியின் எடையிலேயே வெளியே பிதுங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் ஆறவிட்டுச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

தட்டில் சேரும் மெழுகை அவ்வப்போது வடித்துவிடுங்கள். குட்டை ஆழமானால் அடியின் பக்கச் சுவரும் அதில் மூழ்கிக் கரையும். வண்ணம் கலந்த வர்த்தியில், அதிலும் பல நிற அடுக்குகள் உள்ளதில், அந்தக் குட்டை மேல் அடுக்கின்மேல் தீற்றலாக ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடும். ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தட்டைச் சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்துவிடுங்கள்.

கடைசி முறை தட்டிலிருந்து தூக்கியதும் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த கண்ணாடியின் மேல் பட்டர் பேப்பரை விரித்து வைத்திருங்கள். அடி இன்னும் ஈரமாக மின்னும்போதே வர்த்தியை அதன்மேல் நிறுத்தி, சற்றே திருகி, மூலைமட்டத்தை இரு திசையிலும் வைத்துப் பாருங்கள். அரை நிமிடம் வரை மெழுகு விட்டுக்கொடுக்கும். மயிரிழை அளவு சாய்வு மிச்சம் இருந்தால் அப்போதே தள்ளி நிமிர்த்திவிடலாம். அப்படியே ஆறவிட்டுவிட்டுப் பிறகு தாளை உரித்தால் அடி கண்ணாடிபோல் வழவழப்பாக வரும். தாள் இல்லாமல் வெறும் கண்ணாடியில் வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பிய்ந்து வரும்.

தட்டு வைக்க வசதி இல்லாதவர்களுக்கு உப்புத்தாள் இருக்கிறது. 80ஆம் எண் தாளைக் கண்ணாடிமேல் ஒட்டிவிட்டு, நன்றாக ஆறிய வர்த்தியை எட்டு வடிவில் தேய்த்து, அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பி, கோட்டை நெருங்கியதும் 220ஆம் எண் தாளுக்கு மாறலாம். அழுத்தித் தேய்த்தால் உராய்வுச் சூட்டில் மெழுகு தாளில் அப்பிக்கொள்ளும். மெல்லத் தேய்த்து, தூளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் எவ்வளவு குறைகிறது என்பது முழுக்க நம் கட்டுப்பாட்டில் இருக்கும். பனை மெழுகு போன்ற படிகத் தோற்றமுள்ள மெழுகுகள் கத்தியில் எளிதில் சிதறும். அவற்றுக்குத் தட்டே நல்லது. தேன்மெழுகு இதற்கு நேர் எதிர். இளஞ்சூட்டில் கத்திக்கு அருமையாக இசையும், உப்புத்தாளை நொடியில் அடைத்துவிடும். அது உருகுவது 62 முதல் 64 டிகிரியில் என்பதால் தட்டில் சற்றுப் பொறுமை வேண்டும். சோயா மெழுகு பாரஃபினைவிட மென்மையானது, ஓரம் உதிரும். வெதுவெதுப்பான நீரில் பதப்படுத்தும்போதும் 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

இனி என் கருத்தில் மிக முக்கியமான ஒன்று. அடி முழுவதையும் ஒரே சமதளமாக்க மெனக்கெட வேண்டாம். செம்பு, குடங்களின் அடியில் ஒரு வளையம் இருக்கிறதே, அதுபோல ஓரமாக ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வளையம் சமதளமாக இருந்து, நடுப்பகுதி 1 அல்லது 2 மி.மீ. உள்வாங்கியிருந்தால் வர்த்தி முழுச் சமதளத்தைவிட உறுதியாக நிற்கும். நடுவில் ஒரு கடுகளவு மேடு இருந்தாலும் வர்த்தி அதையே மையமாக வைத்துச் சுழலும்; நடு உள்வாங்கியிருந்தால் மேசையில் கிடக்கும் மணல் துகள்கூட அதைத் தூக்காது. சுருக்கத்தால் விழுந்த ஆழமில்லாத குழியை அப்படியே விட்டுவிடுங்கள், அது உங்களுக்குச் சாதகம். குழி இல்லையென்றால் சூடாக்கிய கரண்டியின் முதுகை நடுவில் லேசாக அழுத்தி எடுங்கள். வளையம் சரியாக அமைந்ததா என்று பார்க்க, கண்ணாடிமேல் வண்ணச் சுண்ணக்கட்டித் தூளை மெலிதாகத் தூவித் தடவி, வர்த்தியை நிறுத்தி ஒருமுறை திருகிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். நிறம் ஒட்டிய இடங்கள்தான் தரையைத் தொடும் இடங்கள். சுற்றிலும் நிறம் பிடித்திருந்தால் சரி. இரண்டு இடத்தில் மட்டும் பிடித்திருந்தால், அந்த இரண்டும் மேடு. அவற்றை மட்டும் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

நிமிர்வுக்கும் இறுதிச் சோதனை ஒன்று உண்டு. வர்த்தியின் உச்சி ஓரத்துக்கு மிக அருகில் ஒரு பென்சில் முனையை அசையாமல் நிறுத்தி வைத்து, வர்த்தியைக் கண்ணாடிமேல் மெல்லச் சுழற்றுங்கள். முழுச் சுற்றிலும் இடைவெளி மாறாமல் இருந்தால் அடி செங்குத்தாக அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் இன்னும் சாய்வு இருக்கிறது. மேசையே சரிந்திருந்தாலும் இந்தச் சோதனை ஏமாற்றாது.

சில வர்த்திகளில் குறைக்க இடமிருக்காது. ஒரு பக்கம் ஆழமாகப் பெயர்ந்திருக்கும், அல்லது மூன்று வர்த்திகளை ஒரே உயரத்தில் வைக்க நினைத்திருப்பீர்கள். அப்போது சேர்ப்பதுதான் வழி. விளிம்புள்ள தட்டையான தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, அதே மெழுகை 3 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றுங்கள். வர்த்தியின் அடியைச் சூட்டுத் தட்டில் சற்று இளக்கிவிட்டு, அந்த மெழுகில் நிறுத்தி, மூலைமட்டத்தால் நிமிர்த்தி, இறுகும் வரை பிடியுங்கள். குளிர்ந்த அடியை அப்படியே வைத்தால் ஒட்டு பிடிக்காது, பிறகு தட்டோடு கழன்றுவிடும். சுற்றிப் பரவியிருக்கும் மெழுகு ரப்பர் பதத்தில் இருக்கும்போதே கத்தியால் வழித்துவிட வேண்டும். ஒட்டுக்கோடு மெலிதாகத் தெரியும்; அதை முழுவதும் மறைக்க முடியாது.

அடுத்த வார்ப்பில் இவ்வளவு வேலை வராமல் பார்த்துக்கொள்ளலாம். அச்சுக்கு அடியில் ஒரே தடிமனுள்ள இரண்டு மரச்சட்டங்களை வைத்து, களிம்பு நடுவில் தொங்கும்படி நிறுத்துங்கள். ஊற்றும் முன் ரசமட்டத்தை அச்சின் வாயில் இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். திரி பிடிக்கும் குச்சி, ஊற்றும் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பாரஃபினை 80 முதல் 85 டிகிரியில் ஊற்றினால், மேலே அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஆடை படிந்ததும் திரியை ஒட்டி மெல்லிய கம்பியால் சில துளைகள் போடுங்கள். உள்ளே சுருங்கும் மெழுகு, சுவரை இழுக்காமல் அந்தத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். பெருமளவு ஆறிய பிறகு, முதல் முறையைவிட நாலைந்து டிகிரி கூடுதல் சூட்டில் இரண்டாவது ஊற்று. இதில் ஒரு கட்டுப்பாடு: முதல் ஊற்றின் மட்டத்துக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழேயே நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால், சுருங்கிய வர்த்திக்கும் அச்சின் சுவருக்கும் நடுவே மெழுகு இறங்கி, பக்கவாட்டின் பளபளப்பைக் கெடுத்து, கழற்றுவதையும் கடினமாக்கிவிடும். அப்படிக் கீழே நிறுத்துவதால் நான் மேலே சொன்ன ஓர வளையமும் தானாகவே கிடைத்துவிடும். பிறகு வேகமாக ஆறவைக்க வேண்டாம். மின்விசிறிக் காற்று ஒரு பக்கமாக அடிக்கும் இடத்தில் வைக்காமல் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.

திரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடியில் கைவைக்கும்போதே அதையும் முடித்துவிடலாம். அடிவரை ஓடும் திரி, வர்த்தி எரிந்து முடியும் நேரத்தில் சுடரைத் தரைமட்டத்துக்கே கொண்டுவந்துவிடும். அதைத் தவிர்க்க, அடியில் திரியைச் சுற்றி 5 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, திரியை உள்ளேயே நறுக்கிவிட்டு, அந்தக் குழியில் உருகிய மெழுகை விட்டு, நடுப்பகுதியின் உள்வாங்கிய மட்டத்தோடு நிறுத்திவிடுங்கள். திரியின் நடுவில் உலோகக் கம்பி இருந்தால் இது இன்னும் அவசியம். நறுக்கிய கம்பி முனை மேசையைக் கீறும். இவ்வளவு செய்தாலும் தூண் வர்த்தியை எப்போதும் தீப்பிடிக்காத தட்டின்மேல் வைத்தே ஏற்றுங்கள், 5 செ.மீ. உயரம் மிச்சம் இருக்கும்போது அணைத்துவிடுங்கள். அந்த மிச்சத்தையும் சீவிய துண்டுகளையும் மெல்லிய துணியில் வடிகட்டி அடுத்த வார்ப்பில் சேர்த்துக்கொள்ளலாம். உப்புத்தாளில் வந்த தூளை மட்டும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள மணல் துகள்கள் திரியில் ஏறி அடைத்துக்கொள்ளும்.